வர்த்தகப் பற்றாக்குறை நாட்டின் நட்டமா? ஒரு கணக்காளரின் கேள்விகளுக்குப் பதில்

அன்புள்ள வாசகருக்கு,

வணக்கம். உற்பத்தி நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் பணியாற்றுவதாகவும், நாட்டின் வர்த்தகப் பற்றாக்குறை கூடிவிட்டது என்ற செய்தியைப் படிக்கும்போதெல்லாம் மனம் கலங்குவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ‘வரவைவிடச் செலவு மிகுந்தால் நாங்கள் நட்டம் என்று எழுதுவோம், ஏற்றுமதியைவிட இறக்குமதி மிகுந்தால் நாடும் நட்டத்தில் ஓடுகிறது என்றுதானே பொருள்? எந்த அளவைத் தாண்டினால் அது ஆபத்து? இறக்குமதிக்கு வரியை உயர்த்திவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடாதா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் நிறுவனம் வெளிநாட்டு இயந்திரம் ஒன்றை வாங்குவதற்கு, வட்டி குறைவு என்பதால் டாலரில் கடன் பெற எண்ணுவதாகவும், அதுபற்றி உரிமையாளர் உங்கள் கருத்தைக் கேட்டிருப்பதாகவும் கடைசியில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அந்தக் கடைசிக் கேள்வி மற்ற மூன்றோடும் நெருங்கிய தொடர்புடையது என்பதால், எல்லாவற்றுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதல் கேள்விக்கு என் விடை, வர்த்தகப் பற்றாக்குறை நட்டக் கணக்கு ஆகாது என்பதே. உங்கள் நிறுவனம் கடன் வாங்கி ஓர் இயந்திரத்தை நிறுவிய ஆண்டில், வெளியே கொடுத்த பணம் விற்பனையில் வந்த பணத்தைவிட மிகுந்திருக்கும். ஆனால் அதை நீங்கள் இலாப நட்டக் கணக்கில் ஏற்றமாட்டீர்கள். ஐந்தொகையின் ஒரு பக்கத்தில் சொத்தாகவும் மறுபக்கத்தில் பொறுப்பாகவும் காட்டுவீர்கள். ஏற்றுமதியில் ஈட்டியதைவிடக் கூடுதலாக இறக்குமதி செய்யும் நாடும் அதையே செய்கிறது. வந்த பொருள் ஒரு பக்கம், அதற்காக வெளிநாட்டவருக்கு ஏற்பட்ட கடமை மறுபக்கம். வந்தது பல ஆண்டுகள் உழைக்கும் இயந்திரமா, வாங்கிய மாதத்திலேயே தீர்ந்துபோகும் நுகர்பொருளா என்பதையும், ஏற்பட்ட கடமை எத்தகையது, எப்போது, எந்த நாணயத்தில் தீர்க்க வேண்டியது என்பதையும் வைத்தே அந்தப் பற்றாக்குறையை எடைபோட முடியும். தலைப்புச் செய்தியில் வரும் ஒற்றை எண்ணில் இவற்றில் எதுவும் தெரியாது.

இதனுடன் சேர்ந்த இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே நீக்கிவிடுகிறேன். மொத்த உள்நாட்டு உற்பத்தியைக் கணக்கிடும் சூத்திரத்தில் இறக்குமதி கழிக்கப்படுவதைப் பார்த்து, இறக்குமதி கூடினால் அந்த அளவுக்கு உற்பத்தி குறைந்துவிடும் என்று பலர் எழுதுகிறார்கள். நுகர்வு, முதலீடு, அரசுச் செலவு ஆகிய மூன்றையும் கூட்டும்போது அவற்றுக்குள் வெளிநாட்டுப் பொருள்களின் மதிப்பும் ஏற்கெனவே கலந்திருக்கிறது. உள்நாட்டில் உற்பத்தியானதை மட்டும் பிரித்தெடுக்கவே அது பின்னர் கழிக்கப்படுகிறது. அது கணக்கைச் சரிசெய்யும் கழித்தலே தவிர, பொருளாதாரம் சுருங்கியதற்கான சான்று ஆகாது. நடைமுறையில் மக்களின் வருமானமும் தொழில் முதலீடும் பெருகும் ஆண்டுகளில் இறக்குமதியும் பெருகுகிறது. நெருக்கடி வந்தால் அது சுருங்குகிறது. அமெரிக்காவின் வர்த்தகப் பற்றாக்குறை 2008-க்கும் 2009-க்கும் இடையில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அந்த ஆண்டில் அங்கே வேலையிழந்த இலட்சக்கணக்கானோருக்கு அந்தக் குறைவால் எந்த நன்மையும் விளையவில்லை.

அடுத்ததாக, எந்தக் கணக்கைப் பார்க்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். மாதந்தோறும் செய்தியாக வருவது பெரும்பாலும் சரக்கு வர்த்தகத்தின் பற்றாக்குறை. துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் சுங்கத்துறை பதிவுசெய்யும் பொருள்களின் கணக்கு அது. மென்பொருள், சுற்றுலா, கப்பல் போக்குவரத்து, நிதிச் சேவை போன்ற சேவைகளின் ஏற்றுமதி இறக்குமதியை அதன் மேல் சேர்க்க வேண்டும். வெளிநாட்டு முதலீடுகளிலிருந்து நமக்கு வரும் வட்டியும் ஈவுத்தொகையும், அவ்வாறே நாம் பிறருக்குச் செலுத்துவனவும் அதற்கு அடுத்த அடுக்கு. வெளிநாடுகளில் உழைப்பவர்கள் குடும்பத்துக்கு அனுப்பும் பணம் இன்னோர் அடுக்கு. இவை எல்லாம் சேர்ந்ததே நடப்புக் கணக்கு. ஒரு நாடு தன் வருவாய்க்கு மிஞ்சிச் செலவழிக்கிறதா என்பதை அறிய இந்தக் கணக்கையே பார்க்க வேண்டும்; சரக்குக் கணக்கு அதன் ஒரு பகுதி மட்டுமே.

இந்த வேறுபாடு சிறியதன்று. 2011-இல் நிலநடுக்கமும் ஃபுகுஷிமா அணுஉலை விபத்தும் ஏற்பட்டு எரிபொருள் இறக்குமதி கூடியபோது, ஜப்பான் 1980-க்குப் பிறகு முதன்முறையாகச் சரக்கு வர்த்தகத்தில் ஆண்டுப் பற்றாக்குறையைக் கண்டது. ஆயினும் முந்தைய பல பத்தாண்டுகளில் உலகெங்கும் செய்து வைத்திருந்த முதலீடுகளின் வருவாயால் அதன் நடப்புக் கணக்கு உபரியாகவே நீடித்தது. நேபாளத்தின் இறக்குமதி அதன் ஏற்றுமதியைப்போலப் பல மடங்கு. அந்த இடைவெளியைப் பெருமளவில் நிரப்புவது, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அளவுக்கு அந்நாட்டுத் தொழிலாளர்கள் வெளியிலிருந்து அனுப்பும் பணம். இந்தியாவுக்கும் சரக்குக் கணக்கில் பெரிய பற்றாக்குறை உண்டு. சேவை ஏற்றுமதியின் உபரியும் வெளிநாடுவாழ் இந்தியர் அனுப்பும் தொகையும் அதன் பெரும்பகுதியை ஈடுகட்டுவதால், 2023-24 நிதியாண்டில் நடப்புக் கணக்குப் பற்றாக்குறை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாக இருந்தது.

தனித்தனி நாடுகளுடன் உள்ள பற்றாக்குறையை வைத்து ‘அவர்களால் நாம் இழக்கிறோம்’ என்று பேசுவதற்கு இதைவிடவும் குறைந்த அடிப்படையே இருக்கிறது. ஒரு கைப்பேசி சீனாவில் பொருத்தப்பட்டு வெளியேறினால், அதற்குள் இருக்கும் கொரிய நினைவகச் சில்லும் ஜப்பானிய உதிரிபாகமும் அமெரிக்க வடிவமைப்பும் சேர்ந்து முழு மதிப்பும் சீன ஏற்றுமதியாகவே பதிவாகிறது. எண்ணெய் விற்கும் நாட்டுடன் பற்றாக்குறையும், நம் பொருளை வாங்கும் நாட்டுடன் உபரியும் இருப்பது இயல்பு. ஒட்டுமொத்தக் கணக்கே பொருட்படுத்தத் தக்கது.

இனி, எல்லாவற்றுக்கும் அடித்தளமான ஒரு சமன்பாட்டுக்கு வருகிறேன். கணக்காளரான உங்களுக்கு இது எளிதில் பிடிபடும். ஒரு நாட்டின் நடப்புக் கணக்கு நிலுவை, அந்நாட்டின் மொத்தச் சேமிப்பிலிருந்து மொத்த முதலீட்டைக் கழித்தால் கிடைக்கும் தொகைக்குச் சமம். இது ஒரு கொள்கையோ கருத்தோ இல்லை, பதிவு முறையிலிருந்தே பிறக்கும் சமன்பாடு. குடும்பங்களும் நிறுவனங்களும் அரசும் சேர்ந்து சேமித்ததைவிடக் கூடுதலாக முதலீடு செய்ய வேண்டுமானால், மீதித் தொகை வெளிநாட்டிலிருந்து வந்தே தீர வேண்டும். அது வரும் வழியே நடப்புக் கணக்குப் பற்றாக்குறை. ஆகவே பற்றாக்குறை விரிவதற்குக் காரணம் மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கும்: முதலீடு கூடியிருக்கலாம், தனியார் சேமிப்பு குறைந்திருக்கலாம், அல்லது அரசின் நிதிப் பற்றாக்குறை பெருகியிருக்கலாம். துறைமுகத்தில் தெரிவது விளைவு. காரணம் உள்நாட்டில் இருக்கிறது.

1980-களின் அமெரிக்கா இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. வரிகள் குறைக்கப்பட்டன, பாதுகாப்புச் செலவு உயர்த்தப்பட்டது, பணவீக்கத்தை அடக்க வட்டி விகிதம் மிக உயரத்தில் வைக்கப்பட்டிருந்தது. அரசு பெருமளவில் கடன் வாங்கியது. உயர் வட்டியை நாடி வெளிநாட்டுப் பணம் உள்ளே பாய்ந்தது. டாலரின் மதிப்பு ஏறியது. விலை உயர்ந்த அமெரிக்கப் பொருள்கள் உலகச் சந்தையில் விலைபோகவில்லை. நிதிப் பற்றாக்குறையும் வர்த்தகப் பற்றாக்குறையும் கைகோத்து வளர்ந்த அந்தக் காலத்தில்தான் இரட்டைப் பற்றாக்குறை என்ற பேச்சு பரவியது. பழி அன்றைய ஜப்பானிய வாகன நிறுவனங்கள்மீது சுமத்தப்பட்டது; அவர்கள் தரமான பொருளை விற்றது உண்மையே, எனினும் அந்த இடைவெளியைத் திறந்ததில் வாஷிங்டனில் எடுக்கப்பட்ட முடிவுகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

எந்த அளவைத் தாண்டினால் ஆபத்து என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு ஓர் எண்ணைச் சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் வரலாறு அதற்கு இடம் தரவில்லை. வட கடலில் எண்ணெய்க் கிணறுகளை அமைத்த 1970-களின் பிற்பகுதியில் நார்வேயின் நடப்புக் கணக்குப் பற்றாக்குறை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 10 சதவீதத்தையும் தாண்டியது. வாங்கிய கடன் எண்ணெயாகத் திரும்பியது. இன்று உலகின் மிகப்பெரிய அரசு முதலீட்டு நிதிகளுள் ஒன்று அந்நாட்டிடம் இருக்கிறது. தென்கொரியா தன் தொழிற்சாலைகளை எழுப்பிய 1960-களிலும் 70-களிலும் பெரும்பாலும் பற்றாக்குறையிலேயே இருந்தது; 1986-இல்தான் பெரிய உபரியைக் கண்டது. ஆஸ்திரேலியா 1970-களின் நடுப்பகுதியிலிருந்து 2019 வரை ஏறக்குறைய இடைவிடாமல் பற்றாக்குறையிலேயே வாழ்ந்து, அந்தக் காலத்திலேயே 1991-க்குப் பிறகு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பொருளாதார மந்தம் இன்றி வளர்ந்தது. அதன் வெளிநாட்டுக் கடமைகளில் பெரும்பகுதி பங்கு முதலீடாகவோ, அதன் சொந்த நாணயத்தில் கணக்கிடப்பட்டதாகவோ, மாற்று விகித ஆபத்துக்கு எதிராகக் காப்புச் செய்யப்பட்டதாகவோ இருந்தது. சுரங்கங்களுக்கு வந்த முதலீடு ஏற்றுமதியைப் பெருக்கியது.

இவற்றுக்கு மாறாக, 1990-91-இல் இந்தியாவின் நடப்புக் கணக்குப் பற்றாக்குறை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 3 சதவீதமே. நார்வேயின் அளவோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. ஆயினும் 1980-கள் முழுவதும் அரசின் நிதிப் பற்றாக்குறை பெருகி வந்தது. அதை ஈடுசெய்யக் குறுகிய காலக் கடன்களும் வெளிநாடுவாழ் இந்தியரின் வைப்புத்தொகைகளும் நாடப்பட்டன. 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்தை ஆக்கிரமித்ததும் எண்ணெய் விலை எகிறியது. வளைகுடாவிலிருந்து வந்துகொண்டிருந்த பணம் தடைப்பட்டது. கடன் கொடுத்தவர்கள் தவணையைப் புதுப்பிக்க மறுத்தார்கள். வைப்புத்தொகைகள் திரும்பப் பெறப்பட்டன. அந்நியச் செலாவணிக் கையிருப்பு ஒரு கட்டத்தில் இரண்டு மூன்று வார இறக்குமதிக்கே போதுமானதாக இருந்தது. 1991 மே மாதத்தில் தங்கத்தின் ஒரு பகுதியை விற்கவும், ஜூலையில் ஏறத்தாழ 47 டன் தங்கத்தை வெளிநாட்டு மத்திய வங்கிகளிடம் ஈடுவைக்கவும் நேர்ந்தது; ஜூலை முதல் வாரத்தில் இரண்டு படிகளாக ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது. அந்த நாடு தன் கடமைகளைத் தவறாமல் நிறைவேற்றியது. ஆனால் 3 சதவீதப் பற்றாக்குறை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை ஒரு தலைமுறையே கண்டறிந்தது.

1997-இல் தாய்லாந்தில் நடந்தது உங்கள் கடைசிக் கேள்வியை நேராகத் தொடுவதால், அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அங்கே அரசு கடனாளியாக இல்லை. 1996 வரை வரவுசெலவுத் திட்டம் உபரியிலேயே இருந்தது. பற்றாக்குறை தனியார் துறையில் பிறந்தது. தாய் நாணயமான பாட் ஒரு டாலருக்கு ஏறத்தாழ 25 என்ற அளவில் நிலைநிறுத்தப்பட்டிருந்தது. உள்நாட்டு வட்டியைவிட டாலர் வட்டி குறைவு. ஆகவே வங்கிகளும் நிதி நிறுவனங்களும் டாலரில் குறுகிய காலக் கடன் வாங்கி, பாட்டில் மாற்றி, கட்டட மனை வணிகத்தில் இறக்கின. 1995-லும் 1996-லும் நடப்புக் கணக்குப் பற்றாக்குறை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 8 சதவீதத்தை ஒட்டி இருந்தது. முதலீடு நடக்கிறது, ஆகவே கவலை இல்லை என்றே பலர் சொன்னார்கள். அந்த முதலீடு டாலர் ஈட்டித் தரக்கூடியதா என்ற கேள்வி போதிய அழுத்தத்துடன் எழுப்பப்படவில்லை. அடுக்குமாடிக் கட்டடம் எதையும் ஏற்றுமதி செய்வதில்லை. 1997 ஜூலை 2 அன்று, நாணயத்தைத் தாங்கிப் பிடிக்க வழியின்றி, அதன் மதிப்பைச் சந்தையே தீர்மானிக்கும்படி மிதக்க விட்டார்கள். 1998 ஜனவரியில் ஒரு டாலர் 50 பாட்டையும் தாண்டியது. டாலரில் கடன்பட்டிருந்த ஒவ்வொரு நிறுவனத்தின் கடனும் உள்நாட்டுக் கணக்கில் இரண்டு மடங்காயிற்று. வட்டி குறைவு என்று வாங்கிய கடன் அந்நிறுவனங்களின் மூலதனத்தையே அழித்தது. நன்றாக இலாபம் ஈட்டிவந்த தொழில்களும் அதில் மூழ்கின.

இலங்கையின் 2022 நெருக்கடியில் இந்தக் காரணிகள் பலவும் ஒருங்கே கூடின. நெடுங்காலமாகத் தொடர்ந்த வர்த்தகப் பற்றாக்குறையைச் சுற்றுலா வருவாயும் தொழிலாளர் அனுப்பும் பணமும் பகுதியளவே ஈடுகட்டின; 2007 முதல் பன்னாட்டுச் சந்தையில் டாலர் கடன் பத்திரங்கள் வெளியிடப்பட்டன; 2019 இறுதியில் செய்யப்பட்ட பெரும் வரிக் குறைப்பு அரசின் வருவாயை வெட்டியது; பெருந்தொற்று சுற்றுலாவை நிறுத்தியது. 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்துவதாக அரசு அறிவித்தபோது, உடனே பயன்படுத்தக்கூடிய கையிருப்பு ஏறத்தாழத் தீர்ந்திருந்தது. எரிபொருளுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்றவர்களும், மருத்துவமனையில் மருந்து கிடைக்காதவர்களும், அவ்வாண்டு செப்டம்பரில் 70 சதவீதத்தை ஒட்டிய பணவீக்கத்தில் சம்பளத்தின் மதிப்பை இழந்தவர்களும் அந்தப் பற்றாக்குறைக்கான முடிவுகளை எடுத்தவர்கள் அல்லர். வர்த்தகப் பற்றாக்குறையைப் பற்றிப் பதற்றமும் வேண்டாம், அலட்சியமும் கூடாது என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே காரணம்.

ஆக, அளவைக் கேட்பதற்கு முன் வேறு சிலவற்றைக் கேட்க வேண்டும். வந்த பணம் எதிர்காலத்தில் அந்நியச் செலாவணி ஈட்டும் திறனைக் கூட்டுகிறதா? அது நேரடி முதலீடா, எந்நேரமும் வெளியேறக்கூடிய பங்குச் சந்தைப் பணமா, குறுகிய காலக் கடனா? கடன் யாருடைய நாணயத்தில்? அடுத்த 12 மாதங்களில் தீர்க்க வேண்டிய வெளிநாட்டுக் கடனைவிட மத்திய வங்கியின் கையிருப்பு கூடுதலா? 1990-களின் நெருக்கடிகளுக்குப் பிறகு இந்தக் கடைசி அளவுகோல், மூன்று மாத இறக்குமதிக்குக் கையிருப்பு வேண்டும் என்ற பழைய அளவுகோலைவிட முக்கியமானதாகக் கருதப்படுகிறது. என் அனுபவத்திலும் இதுவே முன்னெச்சரிக்கையாகச் சிறப்பாகப் பயன்படுகிறது. 1975-க்குப் பிறகு ஒவ்வோர் ஆண்டும் வர்த்தகப் பற்றாக்குறையில் இருந்தும் அமெரிக்கா செலாவணி நெருக்கடிக்கு உள்ளாகவில்லை. தான் அச்சிடும் நாணயத்திலேயே அது கடன்படுகிறது, உலகமும் அந்த நாணயத்தைச் சேமித்து வைக்க விரும்புகிறது. வேறெந்த நாடும் அதைப் பார்த்துத் தனக்குத் தைரியம் சொல்லிக்கொள்ளக் கூடாது.

நெருக்கடி வராத நாடுகளிலும் பற்றாக்குறையின் சுமை எல்லார்மீதும் ஒரே அளவில் விழுவதில்லை. மலிவான இறக்குமதியால் நுகர்வோர் அனைவருக்கும் சிறிது சிறிதாக நன்மை கிடைக்கிறது. அதே பொருளைச் செய்துவந்த ஒரு குறிப்பிட்ட ஊரின் ஆலை மூடப்பட்டால் அந்த ஊர் முழுவதும் சரிகிறது. சீனா 2001 டிசம்பரில் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்த பிறகு அமெரிக்காவின் அறைகலன், துணி, மின்சாதன ஆலைகள் நிறைந்த வட்டாரங்களில் இதுவே நடந்தது. அந்நாட்டின் ஆலைத் தொழிலாளர் எண்ணிக்கை 2000-இல் ஏறத்தாழ 1.7 கோடியாக இருந்து, 2010-இல் 1.15 கோடி அளவுக்கு இறங்கியது. அதில் இயந்திரமயமாக்கலுக்கும் 2008 நெருக்கடிக்கும் பெரும் பங்கு உண்டு. இறக்குமதிக்கும் மறுக்க முடியாத பங்கு உண்டு. வேலையிழந்தவர்கள் வேறு தொழிலுக்கு எளிதாக மாறிவிடுவார்கள் என்று எங்கள் பொருளியல் துறையினர் பலர் எதிர்பார்த்தது நடக்கவில்லை. மொத்தக் கணக்கில் நாடு ஆதாயம் பெற்றது என்று சொல்லிவிட்டு, இழந்தவர்களுக்கு மறுபயிற்சியோ ஈடோ தராமல் விடுவது அநீதி என்பது என் உறுதியான கருத்து.

மூன்றாவது கேள்வியான வரிக்கு வருகிறேன். குறிப்பிட்ட ஒரு தொழிலைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பாதுகாக்க இறக்குமதி வரி உதவக்கூடும். நாட்டின் ஒட்டுமொத்தப் பற்றாக்குறையைச் சுருக்க அது பெரும்பாலும் உதவுவதில்லை. மேலே சொன்ன சமன்பாட்டை நினைத்துப் பாருங்கள். வரி விதித்ததால் மக்களின் சேமிப்போ அரசின் நிதிநிலையோ மாறாவிட்டால், பற்றாக்குறை ஒரு கதவை அடைத்தால் மற்றொன்றின் வழியாக வரும். 2018-இல் அமெரிக்கா சீனப் பொருள்கள்மீது வரிகளை உயர்த்தியது. சீனாவுடனான சரக்குப் பற்றாக்குறை 2018-இல் ஏறத்தாழ 41,900 கோடி டாலராக இருந்து, 2023-இல் 28,000 கோடி டாலருக்குக் கீழே வந்தது. அதே காலத்தில் வியட்நாமுடனும் மெக்சிகோவுடனும் பற்றாக்குறை கூடியது. நாட்டின் மொத்தச் சரக்குப் பற்றாக்குறை 2021-இல் 1 இலட்சம் கோடி டாலரைத் தாண்டியது. மேலும், இறக்குமதியாகும் பொருள்களில் பெரும்பகுதி மூலப்பொருளும் உதிரிபாகமும் என்பது உங்கள் நிறுவனத்தின் கொள்முதல் பதிவேட்டைப் பார்த்தாலே தெரியும். அவற்றின்மீதான வரி உங்கள் உற்பத்திச் செலவைக் கூட்டி, ஏற்றுமதிப் போட்டியில் உங்களைப் பின்னுக்குத் தள்ளும்.

முற்றாகத் தடைசெய்வதன் விளைவு இன்னும் கடுமையாக இருக்கலாம். இலங்கையில் 2021-இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது, அந்நியச் செலாவணிச் சேமிப்பும் அதன் பயன்களில் ஒன்றாகப் பேசப்பட்டது. விளைச்சல் சரிந்து, அரிசியை வெளிநாட்டிலிருந்து வாங்க வேண்டியதாயிற்று. தேயிலை ஏற்றுமதியும் அடிபட்டது. மிச்சப்படுத்த எண்ணியதைவிட இழப்பு பெரிதாயிற்று. தங்கம் போன்ற, உற்பத்திக்குப் பயன்படாத இறக்குமதியைத் தற்காலிகமாகக் கட்டுப்படுத்துவது வேறு வகை. 2012-13-இல் இந்தியாவின் நடப்புக் கணக்குப் பற்றாக்குறை 4.8 சதவீதத்தைத் தொட்டபோது, தங்கத்தின் மீதான வரி படிப்படியாக 10 சதவீதமாக உயர்த்தப்பட்டது. இறக்குமதி குறைந்தது, அடுத்த ஆண்டு பற்றாக்குறையும் 2 சதவீதத்துக்குக் கீழே வந்தது. கூடவே கடத்தலும் பெருகியது. மூச்சு விடுவதற்கு அவகாசம் வாங்கித் தரும் நடவடிக்கை அது, அதற்கு மேல் எதையும் எதிர்பார்க்க முடியாது.

நாணய மதிப்பு குறைவதே இயல்பான மருந்து என்று பாடநூல்கள் சொல்கின்றன. அது பொய்யன்று, ஆனால் மெதுவாகவே வேலை செய்யும். பிரிட்டன் 1967 நவம்பரில் பவுண்டின் மதிப்பை 2.80 டாலரிலிருந்து 2.40 டாலராகக் குறைத்தது. ஏற்கெனவே ஒப்பந்தமான இறக்குமதிகளின் விலை உடனே ஏறியது; மலிவான ஏற்றுமதிக்குப் புதிய வாங்குவோர் கிடைக்கக் காலம் பிடித்தது. முதலில் நிலைமை மோசமாகி, 1969-இல்தான் நடப்புக் கணக்கு உபரிக்குத் திரும்பியது. அதுவும் கடுமையான வரவுசெலவுச் சிக்கனம் உடன் இருந்ததால். இன்று உலக வர்த்தகத்தின் பெரும்பகுதி டாலரிலேயே விலையிடப்படுவதால், ஒரு சிறிய நாட்டின் நாணயம் வீழ்ந்தாலும் அதன் ஏற்றுமதிப் பொருளின் டாலர் விலை உடனே குறைவதில்லை. இறக்குமதிச் செலவு மட்டும் உடனே கூடி உள்நாட்டு விலைவாசியை ஏற்றுகிறது. நாணயத்தைக் குறைக்கும் வழியே இல்லாதபோது சுமை இன்னும் கொடியது. 2008-இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 15 சதவீத நடப்புக் கணக்குப் பற்றாக்குறையில் இருந்த கிரேக்கம் யூரோவைப் பயன்படுத்தியதால், கூலியையும் செலவையும் வெட்டியே சரிசெய்ய வேண்டியதாயிற்று. வேலையின்மை 27 சதவீதத்தை எட்டியது.

நிலைத்த தீர்வு மூன்று திசைகளிலிருந்து வர வேண்டும் என்பது என் முடிவு: அரசு தன் நிதிப் பற்றாக்குறையை நல்ல ஆண்டுகளிலேயே குறைத்துவைப்பது, குடும்பச் சேமிப்பு பணவீக்கத்தில் கரையாமல் காப்பது, ஏற்றுமதித் தொழில்களின் உற்பத்தித் திறனை மின்சாரம், துறைமுகம், தொழில்கல்வி ஆகியவற்றின் வழியாக உயர்த்துவது. இவை தலைப்புச் செய்திகளாக மாறுவதில்லை; பலன் தெரியப் பத்தாண்டுகள் ஆகும். பற்றாக்குறை நாடுகள்மீது மட்டும் எல்லாச் சுமையையும் ஏற்றுவதும் சரியன்று. ஒருவரின் பற்றாக்குறை மற்றொருவரின் உபரி. 2015-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜெர்மனியின் நடப்புக் கணக்கு உபரி 8 சதவீதத்தைத் தாண்டியபோது, அதற்கு ஈடான பற்றாக்குறையை உலகில் வேறு நாடுகள் சுமந்தே ஆக வேண்டியிருந்தது. போருக்குப் பிந்திய உலக நாணய ஒழுங்கை வகுத்த 1944 பிரெட்டன் வுட்ஸ் மாநாட்டுக்கு முன்னரே, உபரி நாடுகளும் சரிசெய்யும் பொறுப்பை ஏற்க வேண்டும் என்று பிரிட்டனின் பொருளியலாளர் ஜான் மேனார்ட் கெய்ன்ஸ் முன்வைத்த திட்டத்தை, அன்றைய பெரிய உபரி நாடான அமெரிக்கா ஏற்கவில்லை. அந்தக் குறை இன்றுவரை நீடிக்கிறது.

உங்கள் நிறுவனத்தின் டாலர் கடனைப் பற்றி இனிச் சொல்கிறேன். முடிவு ஒரே ஒரு விவரத்தைப் பொறுத்தது: உங்கள் விற்பனையில் எவ்வளவு பங்கு டாலரில் வருகிறது? தவணைத் தொகையை ஈடுசெய்யும் அளவுக்கு நிலையான ஏற்றுமதி வருவாய் இருந்தால், டாலர் கடன் பொருத்தமானதே. நாணயம் வீழ்ந்தால் உங்கள் கடன் கூடும்போது வருவாயும் கூடும். வருவாய் முழுவதும் உள்நாட்டு நாணயத்தில் என்றால், வட்டியில் தெரியும் வேறுபாடு உங்களுக்குக் கிடைக்கும் சலுகை ஆகாது; நாணய மதிப்பு குறையக்கூடும் என்று சந்தை கணிக்கும் அபாயத்தின் விலையே அது. எதிர்காலத்தில் வாங்கும் டாலரின் விலையை இன்றே உறுதிசெய்துகொள்ளும் முன்பேர ஒப்பந்தத்துக்குக் கடன் காலம் முழுமைக்கும் ஆகும் செலவை வங்கியிடம் கேட்டு, அதை டாலர் வட்டியுடன் கூட்டிப் பாருங்கள். பெரும்பாலும் அது உள்நாட்டு வட்டிக்கு அருகிலேயே வந்து நிற்கும்.

உரிமையாளருக்கு நீங்கள் அளிக்கும் குறிப்பில் மூன்று அட்டவணைகளை இணைக்குமாறு பரிந்துரைக்கிறேன்: இன்றைய மாற்று விகிதத்தில் ஆண்டுத் தவணை, உள்நாட்டு நாணயம் கால் பங்கு மதிப்பிழந்தால் ஆண்டுத் தவணை, பாதி மதிப்பிழந்தால் ஆண்டுத் தவணை. மூன்றாவது அட்டவணையிலும் நிறுவனம் ஊதியத்தையும் மூலப்பொருள் செலவையும் நிறுத்தாமல் தவணை கட்ட முடியும் என்றால் மட்டும் காப்பு இல்லாத டாலர் கடனைப் பரிசீலியுங்கள். அவ்வாறு இல்லையெனில், சற்றுக் கூடுதல் வட்டியானாலும் உள்நாட்டு நாணயத்திலேயே கடன் பெறுங்கள். கடன் காலத்தை இயந்திரத்தின் பயன்பாட்டுக் காலத்துக்குக் குறையாமல் கேளுங்கள். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய குறுகிய காலக் கடனை, வட்டி எவ்வளவு குறைவாக இருந்தாலும், இந்த இயந்திரத்துக்காக ஏற்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் பொருளியல் ஆலோசகர்